சித்தி எலிசபெத்

ஜனவரி 29

இன்று லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் அபே. மகள் வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகியும் இப்போதுதான் வாய்த்தது. கவிஞர்கள் மூலையில் நிற்க இடமில்லை. கூட்டத்தை விட்டுப் பின்பக்கம் ஏழாம் ஹென்றி கட்டிய கோயிலுக்கு நகர்ந்தேன். நல்லதாகப் போயிற்று.

நடுவில் ஏழாம் ஹென்றி. அவருக்கு வடக்கே, குறுகலான ஒரு நடையில், பேத்தி முதலாம் எலிசபெத் வெள்ளைப் பளிங்கில் மல்லாந்து படுத்திருக்கிறார். தெற்கு நடையில் கொள்ளுப் பேத்தி, ஸ்காட்லாந்து ராணி மேரி. அதே பளிங்கு, அதே கிடப்பு. 1587-இல் எலிசபெத் போட்ட கையெழுத்தில்தான் மேரியின் தலை போனது. இரண்டு சமாதிகளையும் எழுப்பியவர் ஒரே ஆள், மேரியின் மகன், எலிசபெத்துக்குப் பின் இங்கிலாந்துக்கும் அரசரான ஜேம்ஸ். அம்மாவுடைய விதானம் எலிசபெத்தினுடையதைவிட உயரம். அண்ணாந்து பார்த்தால் தெரிகிறது. அம்மாவின் காலடியில் முடி சூடிய சிங்கம் வேறு.

எலிசபெத் தனியாகவும் இல்லை. அவருக்குக் கீழே அவருடைய அக்கா, முதலாம் மேரி. 1554-இல் தங்கையை லண்டன் டவர் சிறையில் அடைத்த அக்கா. அக்காவுக்குச் சிலை கிடையாது. அரியணையிலும் கல்லறையிலும் கூட்டாளிகளாக நாங்கள் இரண்டு சகோதரிகள் உறங்குகிறோம் என்று லத்தீனில் ஒரு வரி மட்டும் உண்டு. எனக்கென்னவோ அந்தக் 'கூட்டாளி' கண்ணில் 'பங்காளி' என்றே பட்டது.

ஜனவரி 30

ஆங்கிலத்தில் எலிசபெத்துக்கும் ஸ்காட்லாந்து மேரிக்கும் 'கசின்' என்று ஒரே சொல். அதை வைத்துக்கொண்டு ஒரு மண்ணும் விளங்காது. ராத்திரி, கரண்ட் பில் வந்த உறையின் பின்பக்கத்தில் நம் வழக்கப்படி முறை போட்டுப் பார்த்தேன்.

எட்டாம் ஹென்றியின் அக்கா மார்கரெட், 1503-இல் ஸ்காட்லாந்துக்கு வாக்கப்பட்டுப் போனவர். ஹென்றியின் மகள் எலிசபெத்துக்கு அவர் அத்தை. அத்தை மகன் ஐந்தாம் ஜேம்ஸ். அவர் மகள் மேரி. அப்படியென்றால் எலிசபெத்துக்கு மேரி மகள் முறை. மேரி வாய் நிறையக் கூப்பிட வேண்டுமென்றால் 'சித்தி' என்றுதான் கூப்பிட வேண்டும். ஆனால் ராணிக்கு ராணி கடிதம் எழுதும்போது இருவரும் 'அன்புச் சகோதரி' என்றே எழுதிக்கொண்டார்கள்.

இன்னொன்று. மேரி 1565-இல் கட்டிக்கொண்ட டார்ன்லி, மார்கரெட்டின் இரண்டாம் கல்யாணத்தில் பிறந்த பெண்ணின் மகன். அதாவது மேரிக்குச் சொந்த அத்தை மகன். எங்கள் ஊராக இருந்தால் கேள்வியே கேட்காமல் பந்தல் போட்டிருப்பார்கள். எலிசபெத்துக்கோ வயிறு எரிந்தது. இங்கிலாந்துப் பட்டத்துக்கு உரிமை பேசக்கூடிய இரண்டு பேர் ஒரே வீட்டில் சேர்ந்துவிட்டார்களே!

அந்த முறை மாப்பிள்ளையின் லட்சணம் சீக்கிரமே தெரிந்துபோயிற்று. 1566 மார்ச்சில், மனைவி ஆறு மாத கர்ப்பிணி; அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த அறைக்குள் ஆட்களோடு நுழைந்தான். செயலாளர் ரிட்ஸியோவை வெளியே இழுத்துப்போய்க் குத்திக் கொன்றார்கள். அடுத்த பிப்ரவரியில் டார்ன்லி தங்கியிருந்த வீடே வெடிமருந்தில் சிதறியது. அவன் பிணம் தோட்டத்தில் கிடந்தது. கொலையில் ஊரே கை காட்டிய பாத்வெல்லை மூன்றே மாதத்தில் மேரி மணந்தார். ஏன் என்று இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள். கடைசியில் பிரபுக்கள் மேரியைப் பட்டத்திலிருந்து இறக்கி, பதின்மூன்று மாதக் குழந்தை ஜேம்ஸுக்கு முடி சூட்டினார்கள். குழந்தைக்காக நாட்டை ஆள வந்தவர் மோரே பிரபு, மேரியின் அப்பாவுக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த அண்ணன்.

1568-இல் சண்டையில் தோற்று, படகேறி எல்லை தாண்டி, சித்தியிடம் அடைக்கலம் கேட்டு வந்தார் மேரி. பத்தொன்பது வருஷம் ஆகச் சில மாதங்கள் பாக்கி. அத்தனை காலமும் காவலிலேயே போனது. அதில் ஒரு நாள்கூடச் சித்தி முகம் கொடுத்துப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 1

1587-இல் எலிசபெத் கையெழுத்துப் போட்ட தேதி. மகள் வேலைக்குப் போன பிறகு டீயோடு உட்கார்ந்து இதைத்தான் படித்தேன்.

மேரியின் மரண உத்தரவில் கையெழுத்துப் போட்டு, செயலாளர் டேவிசன் கையில் கொடுத்தார். கூடவே இன்னொரு யோசனையும் சொன்னார். மேரியைக் காவல் காக்கும் பாலெட்டுக்கு எழுதி, சத்தமில்லாமல் காரியத்தை முடிக்கச் சொல்லுங்கள் என்றார். பாலெட் கெடுபிடியான ஆள், மேரியைக் கண்டாலே ஆகாது. இருந்தும் சட்டமில்லாமல் ரத்தம் சிந்த என் மனசாட்சி இடம் தராது என்று பதில் எழுதிவிட்டார். எலிசபெத்துக்கு அதில் கோபம்.

இதற்குள் பர்லி பிரபுவும் மந்திரிகளுமாகப் பத்துப் பேர் கூடி, ராணியிடம் மறுபடி கேட்காமலே உத்தரவை அனுப்பிவிட்டார்கள். காரியம் முடிந்ததும், நான் அனுப்பச் சொல்லவே இல்லை என்று எலிசபெத் அழுது ஆர்ப்பாட்டம் செய்தார். டேவிசனுக்கு டவர் சிறையும் 10,000 மார்க் அபராதமும். பர்லியையும் கொஞ்ச நாள் முகத்தில் விழிக்கவிடவில்லை. அப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது. மாட்டிக்கொண்டவர் டேவிசன் ஒருவர்தான். எந்த ஆபீசிலும் கடைசியில் கோப்பைக் கையில் வைத்திருப்பவனுக்கு இதுதான் கதி.

பிப்ரவரி 3

பீர் பீப்பாய் கதையை மாப்பிள்ளைக்குச் சொன்னேன், ரசித்துக் கேட்டார். 1586-இல் மேரி சார்ட்லி என்ற மாளிகையில் காவலில் இருந்தார். ஆட்களுக்கு வெளியூரிலிருந்து பீர் வரும். தண்ணீர் புகாத சின்னப் பெட்டியில் கடிதத்தை வைத்து, பீப்பாயின் அடைப்பு ஓட்டை வழியே உள்ளே விட்டால் ரகசியத் தபால் ரெடி. யாருக்கும் தெரியாத வழி என்று மேரி நம்பினார். வழியை ஏற்பாடு செய்ததே எலிசபெத்தின் உளவுத் தலைவர் வால்சிங்ஹாம். பீர் கொண்டுவந்தவர் இரண்டு பக்கமும் காசு வாங்கிக்கொண்டார்.

பாபிங்டன் என்ற இளைஞர், எலிசபெத்தைக் கொன்று மேரியை மீட்கும் திட்டத்தை எழுதி அனுப்பினார். ஜூலை 17-இல் மேரியின் பதில் சங்கேத எழுத்தில் போனது. அதை உடைத்துப் படித்த ஃபெலிப்ஸ், தன் நகலின் மேல் ஒரு தூக்குமரம் வரைந்து மேலே அனுப்பினார். அது போதாதென்று, கொல்லப்போகும் ஆறு பேரின் பெயர் என்ன என்று மேரி கேட்பதுபோல ஒரு பின்குறிப்பையும் இவர்களே ஒட்டினார்கள்.

மேரிக்கு எதுவும் தெரியாது என்று நான் சொல்லமாட்டேன். பதினெட்டு வருஷம் அடைத்து வைத்தால் யாராக இருந்தாலும் கதவைத் தட்டுகிறவன் யாரென்று பார்க்காமல் திறக்கத்தான் செய்வார்கள்.

பிப்ரவரி 5

மழை. வெளியே போகவில்லை. காவலில் இருந்தபோது மேரி போட்ட பூத்தையல் ஒன்றின் படம் பார்த்தேன். செம்பட்டைப் பூனை ஒன்று, பக்கத்தில் ஒரு எலி. எலிசபெத்தின் தலைமுடி செம்பட்டை.

பிப்ரவரி 6

ஜேம்ஸைப் பற்றி எழுதத்தான் இந்த நாட்குறிப்பையே தொடங்கினேன் போலிருக்கிறது.

அம்மாவைக் கடைசியாகப் பார்த்தபோது அவருக்குப் பத்து மாதம். வளர்த்தவர்கள் அம்மாவின் எதிரிகள். அம்மாவோ பையனையே நினைத்துக்கொண்டிருந்தார். 2023-இல் மூன்று பேர் சேர்ந்து மேரியின் சங்கேதக் கடிதங்கள் ஐம்பத்தேழைப் படித்து வெளியிட்டார்கள். பாரிஸ் தேசிய நூலகத்தில் இத்தாலிய விவகாரம் என்று தவறாக அடுக்கப்பட்டிருந்தவை. 1582-இல் பிரபுக்கள் ஜேம்ஸைக் கடத்திய சேதி கேட்டு அவர் துடித்தது அவற்றில் இருக்கிறது.

அம்மாவும் மகனும் சேர்ந்து ஸ்காட்லாந்துப் பட்டத்தை வகிக்கலாம் என்று ஒரு பேச்சு நடந்தது. 1585-இல் ஜேம்ஸ் அதைக் கைகழுவினார். மேரி சாபம் விட்டார், வாரிசுரிமையைப் பறிப்பேன் என்றார். அதே வருஷம் அதே பையன் எலிசபெத்துக்கு எழுதிய கடிதத்தில் 'அம்மா' என்று விளித்து, அடியில் 'அன்புச் சகோதரனும் மகனும்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். என் உறையின் கணக்குப்படி பேரன் முறை, போகட்டும். 1586 ஜூலையில் இரண்டு நாடுகளுக்கும் இடையே பெர்விக் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. எலிசபெத் வருஷத்துக்கு 4,000 பவுண்டு கொடுத்தார். அதே மாதம்தான் பீப்பாய்க் கடிதமும்.

அந்தக் கடிதத்தை வைத்து மேரிக்கு மரண தண்டனைத் தீர்ப்பு வந்ததும் அம்மாவுக்காக ஜேம்ஸ் தூது அனுப்பினார், கெஞ்சினார், மிரட்டவும் செய்தார். ஆனால் எலிசபெத்துக்கு நெருக்கமான லெஸ்டர் பிரபுவுக்குத் தனியாக ஒரு கடிதம் போனது. இங்கிலாந்துப் பட்டத்தைவிட அம்மாவைப் பெரிதாக நினைத்தால் என்னைவிட முட்டாள் யார் என்கிற அர்த்தத்தில். அங்கே புரிந்துகொண்டார்கள்.

என் மகள் கேட்டாள்: "பார்த்தே அறியாத அம்மாவுக்காக ராஜ்யத்தை விடுவானாம்மா?" நான் பதில் சொல்லவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தால் என்று யோசிப்பதைவிட, அவள் இடத்தில் இருந்தால் என்று யோசிக்கத்தான் எனக்கு வருகிறது.

பிப்ரவரி 8

அன்றைய காலண்டர்படி இன்றுதான் மேரியின் தலை போனது. மாப்பிள்ளை லீவு போட்டு ஃபாதரிங்கேவுக்குக் காரில் அழைத்துப் போனார். கோட்டை இல்லை. புல் முளைத்த ஒரு மேடு, கீழே நீன் ஆறு, கம்பி வேலிக்குள் ஒரே ஒரு கல் கட்டி. மூன்றாம் ரிச்சர்ட் பிறந்ததும் இங்கேதான். அண்ணன் பிள்ளைகளை ஒதுக்கிவிட்டு அரசனானவர். மண்ணின் ராசி!

மேட்டில் ஏற ஷூவெல்லாம் சேறு. இங்கிருந்த பெரிய கூடத்தில்தான் மேடை போட்டிருந்தார்கள். நாற்பத்து நான்கு வயது. கறுப்பு உடையைக் கழற்றியதும் உள்ளே ரத்தச் சிவப்பு. இரண்டு வெட்டிலும் முழுதாக அறவில்லை. தலையைத் தூக்கியபோது பொய்முடி கையோடு வர, உள்ளே குட்டையாக நரைத்த முடி. பாவாடைக்குள்ளிருந்து அவருடைய சின்ன நாய் வெளியே வந்தது. உடலை விட்டு நகர மறுத்தது.

திரும்பும் வழியில் பீட்டர்பரோ பேராலயம். முதலில் அடக்கம் செய்தது அங்கே. வாசல் பக்கம் ஸ்கார்லெட் என்ற வெட்டியானின் படம் மாட்டியிருக்கிறார்கள். எட்டாம் ஹென்றி தள்ளிவைத்த கேதரின் ராணிக்கு 1536-இலும் மேரிக்கு 1587-இலும் குழி தோண்டிய அதே ஆள். தொண்ணூற்றெட்டு வயது வரை இருந்தாராம். மண்வெட்டியோடு நிற்கிறார். ராணிகளையெல்லாம்விட இவர் முகம்தான் மனதில் ஒட்டியது.

பிப்ரவரி 14

இதே தேதியில் எலிசபெத் ஜேம்ஸுக்கு எழுதினார், நடந்தது தன் எண்ணத்துக்கு மாறாக நேர்ந்த விபத்து என்று. ஜேம்ஸ் படை எடுக்கவில்லை. காத்திருந்தார். 1601-லிருந்து எலிசபெத்தின் செயலாளர் ராபர்ட் செசிலோடு ரகசியக் கடிதப் போக்குவரத்து வேறு. அதில் பெயருக்குப் பதில் எண்கள்: எலிசபெத் 24, ஜேம்ஸ் 30, செசில் 10. 1603 மார்ச் 24-இல் 24 இறந்தது, அடுத்த மாதம் 30 லண்டனுக்குக் கிளம்பியது.

இன்று மறுபடி அபேக்குப் போனேன், தெற்கு நடைக்கு மட்டும். 1612-இல் அம்மாவைப் பீட்டர்பரோவிலிருந்து இங்கே கொண்டுவந்தார் ஜேம்ஸ். அதே நிலவறையில் ஆர்பெல்லாவும் இருக்கிறார். டார்ன்லியின் தம்பி மகள். ஜேம்ஸுக்குச் சித்தப்பா மகள், தங்கை. அவருக்கும் பட்டத்தில் பங்கு பேச வழி உண்டு. 1610-இல், எட்டாம் ஹென்றியின் இன்னொரு சகோதரி வழியில் வந்த வில்லியம் சீமோரை ரகசியமாகக் கட்டிக்கொண்டார். அண்ணன் பிடித்துக் காவலில் வைத்தார். ஆண் வேஷத்தில் தப்பிக் கடல்வரை போய்ப் பிடிபட்டார். 1615-இல் டவரிலேயே உயிர் போனது. பெரியம்மாவின் குழியில் இடம் கிடைத்தது, பெயர் சொல்லும் சமாதி இல்லை.

ஜேம்ஸ் எங்கே கிடக்கிறார் என்பதே ரொம்ப நாள் மறந்துபோயிருந்தது. 1869-இல் அபேயின் டீன் ஸ்டான்லி தேடினார். மேரியின் நிலவறையில் பேரன் பேத்திகளும் சின்னச் சின்னக் குழந்தைப் பெட்டிகளும் அடைசலாகக் கிடந்தன. மகன் இல்லை. கடைசியில் நடுவிலிருந்த நிலவறையைத் திறந்தார்கள். எள்ளுத் தாத்தா ஏழாம் ஹென்றியோடு படுத்திருந்தார் ஜேம்ஸ்.

மணி நான்கு. காவலர் வந்து, மூடும் நேரம், கிளம்புங்கள் அம்மா என்றார்.