தாடையை விடுங்கள், கழுத்து கீழே இருக்கிறது

நாகர்கோவிலில் ஒரு மொட்டைமாடித் தகரக் கூரைக்குக் கீழேதான் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு என்கிற, தரையில் கட்டிப்பிடித்து மடக்கும் தற்காப்புக் கலையைக் கற்றேன். ரியர் நேக்கட் சோக், அதாவது முதுகுப் பக்கமிருந்து கையால் கழுத்தைப் பூட்டும் பிடி, எனக்கு வசப்பட ஐந்து மாதம் ஆனது.

என் பயிற்சி ஜோடி ரப்பர் பால் வெட்டுகிறவர். நான் பல்லைக் கடித்து இறுக்குவேன். அவர் தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு கதை பேசுவார். கடைசியில் என் கைதான் மரத்துப்போகும். "மக்கா, நீ நெரிக்கது தாடையைடே. கழுத்து அதுக்குக் கீழ கெடக்கு" என்றார் பயிற்சியாளர்.

ஊரில் இதைச் சொன்னால் "வர்மமா?" என்பார்கள். இல்லை. கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் போகும் குழாய்களை அழுத்துகிறோம், அவ்வளவுதான். சரியாக விழுந்தால் பத்து விநாடிக்குள்ளேயே நினைவு தப்பும். மூச்சுக்குழலை நசுக்கினால் வலிதான் மிச்சம், காயமும் ஆகும். அதனால் உங்கள் முழங்கை மடிப்பு எதிராளியின் தாடைக்கு நேர் கீழே வந்ததா என்று முதலில் பாருங்கள். அந்தக் கை உங்கள் மறு கையின் புஜத்தைப் பிடிக்கட்டும். மறு கை அவர் பிடரிக்குப் பின்னால் ஒளியட்டும். வெளியே நீட்டினால் பிடித்து இழுத்துவிடுவார். அப்புறம் கையால் இறுக்காதீர்கள். நெஞ்சை நிமிர்த்தி, தோள்களைப் பின்னுக்கு இழுத்தால் போதும். வீட்டில் முழங்காலை மடக்கி, அதையே கழுத்தாக நினைத்துப் பழகினேன். அம்மாவுக்குக் கவலையாகிவிட்டது.

1993-இல் அமெரிக்காவின் டென்வரில் நடந்த முதல் யு.எஃப்.சி. என்ற கலப்புச் சண்டைத் தொடரின் இறுதிப் போட்டியை ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி முடித்ததும் இந்தப் பிடியில்தான். போர்த்துகீசியத்தில் இதன் பெயர் 'சிங்கத்தைக் கொல்வது'. நானோ சிங்கம் பேச்சை நிறுத்தினாலே போதும் என்றிருந்தேன்.

நிறுத்தியது ஒரு ஆடி மாதச் சாயங்காலம். தகரத்தில் மழை அடித்த அடியில் 'தோற்றேன், விடு' என்று அவர் தரையில் தட்டியது எனக்குக் கேட்கவே இல்லை. அவர் உடம்பு தளர்ந்த பிறகுதான் பதறிப்போய்ப் பிடியை விட்டேன். சில விநாடியில் கண் விழித்து, "தக்கலை பஸ் போயிட்டா?" என்றார். எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை. அன்றிலிருந்து யாருடன் பழகினாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தரையில் வேண்டாம், என் உடம்பில் தட்டுங்கள். கை சிக்கினால் காலால் தட்டுங்கள், வாயாலும் சொல்லுங்கள்.