ஆற்றுவாழைக்குப் பசளை போட்டவன்

கிழக்கிலங்கையின் நாவிதன்வெளிப் பக்கம் விவசாயப் போதனாசிரியராக இருந்த ஆண்டுகளில் எனக்கு வேலைநாள் தொடங்கும் இடம் கிட்டங்கித் தாம்போதி, தண்ணீருக்குக் குறுக்கே தாழ்வாகப் போட்ட வீதி. கல்முனையிலிருந்து நற்பிட்டிமுனை கடந்து மோட்டார் சைக்கிளில் வருவேன். மாரியில் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாயும். வெறும் தண்ணீரென்றால் ஆழம் பார்த்து உருட்டிக்கொண்டு போய்விடலாம். அதனோடு ஆகாயத்தாமரை என்கிற ஆற்றுவாழையும் வரும். ஒரு வளவு அகலத்துக்குப் பின்னிக்கிடக்கும் பச்சைப் படலம், அவசரமே இல்லாமல் மிதந்து வந்து தாம்போதிக்கு அடியில் தண்ணீர் போகும் கண்களை அடைக்கும். கண் அடைத்தால் தண்ணீர் வீதிக்கு ஏறும். பிறகென்ன, பெக்கோ இயந்திரம் வந்து அள்ளும்வரை இரண்டு கரையிலும் சனம் நிற்கும்.

அம்பாறையிலிருந்து பயிற்சிக்கு வந்த சிங்கள உத்தியோகத்தர் ஒருவர் இதை 'ஜப்பன் ஜபர' என்றார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் விமானங்கள் தரையென்று ஏமாந்து தண்ணீரில் இறங்கட்டும் என்று வெள்ளைக்காரன் குளங்களில் வளர்த்த செடியாம். கதை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் இந்தச் செடியைத் தடுப்பதற்கென்றே 1909 இல் இலங்கையில் ஒரு கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. போருக்கு முப்பது ஆண்டுகள் முன்னரே. தென் அமெரிக்காவிலிருந்து வந்ததை இங்கே யாரோ பூவின் அழகுக்காகத்தான் வளர்த்திருக்கிறார்கள். எதிரி மேல் பழியைப் போட்டால் மனதுக்கு ஆறுதல்தான்.

என் பழிக்கு வருகிறேன். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது எங்களுக்கு வந்த கட்டளை ஒன்றே: கூட்டெரு, கூட்டெரு, கூட்டெரு. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் விவசாயிகள் யூரியா எங்கே என்று கேட்டார்கள். நாங்கள் சாணமும் இலைகுழையும் பற்றிப் பேசினோம். அப்போதுதான் எனக்கு அந்தப் புத்திசாலித்தனமான யோசனை வந்தது. வாய்க்காலை அடைக்கும் ஆற்றுவாழையை அள்ளி எருவாக்கினால் ஒரு கல்லில் இரண்டு மாங்காய் அல்லவா? சிரமதானம் வைத்தோம். இளைஞர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று இழுத்தார்கள். பெட்டி பெட்டியாக உழவு இயந்திரத்தில் ஏற்றி, மேட்டுநிலத்தில் ஒரு வாய்க்கால் ஓரமாகக் குவித்தோம். படமும் எடுத்தோம்.

இரண்டு பிழைகள் விட்டேன். முதலாவது கணக்குப் பிழை. இந்தச் செடியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். மலைபோல் குவித்தது சில கிழமைகளில் முழங்கால் உயரத்துக்கு இறங்கியது. இளைஞர்கள் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை குறைந்திருந்ததை நான் கவனிக்காமல் இல்லை.

இரண்டாவது பிழையை இன்றும் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நாங்கள் குவித்த இடத்துக்குப் பக்கத்து வாய்க்கால் அதுவரை சுத்தமாக இருந்தது. பச்சையாகவே கொண்டுவந்து கொட்டியிருந்தோம். வெயிலில் பரப்பிக் காயவிடவில்லை. அடியில் கிடந்தவை சாகவில்லை. மாரி மழையில் குவியலின் ஓரம் சரிந்து வாய்க்காலுக்குள் இறங்கியது. நல்ல தண்ணீரும் வெயிலும் கிடைத்தால் இது இரண்டு கிழமைக்குள் இரட்டிப்பாகும். தைப்பொங்கலுக்குப் பொங்கிய பால் வடிவதற்குள் அந்த வாய்க்கால் ஊதாப் பூவால் நிறைந்துவிட்டது. விதை சேற்றில் பதினைந்து, இருபது ஆண்டுகள் உயிரோடு கிடக்குமாம். அந்த வாய்க்காலில் என் பெயர் அவ்வளவு காலம் இருக்கும்.

சல்பீனியா என்ற இன்னொரு மிதக்கும் களையும் இங்கே உண்டு. அதற்கு முளைக்கும் வித்தே கிடையாது. முறிந்த துண்டுதான் பயிர். அதனால் மண்வெட்டியால் கொத்துகிறவன் அதை நடுகிறான். 1980களில் அவுஸ்திரேலிய ஆய்வாளர்களின் உதவியோடு சின்னஞ்சிறு வண்டொன்றைக் கொண்டுவந்து விட்ட பிறகு நாட்டின் பல இடங்களில் அது அடங்கியது. ஆற்றுவாழைக்கும் வண்டு விட்டார்கள். அது அவ்வளவு மசியவில்லை. வடக்கே முகத்துவாரம் வெட்டுப்பட்டு மட்டக்களப்பு வாவியில் கடல்நீர் ஏறினால் அங்கே ஒதுங்கிய செடி பழுத்து அழுகும். ஆனால் வயலுக்கு மேலே உப்பைக் கூப்பிட முடியுமா?

என்னைத் திருத்தியவர் ஒரு வட்டவிதானை, வயல்களுக்கு நீர் பங்கிடும் பொறுப்பாளர். எழுபதை நெருங்கியவர். என் சரிந்த குவியலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாய்க்கால் கட்டில் என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். மேல்கட்டில் செடி மெலிந்து, இலை மஞ்சளித்து நின்றது. வயல்களின் வடிச்சல் வந்து விழும் இடத்துக்குக் கீழே தண்டு கைமொத்தம் பருத்து, இலை கரும்பச்சையாக இருந்தது. "தம்பி, இது யாருடைய பசளை?" என்று கேட்டார்.

அடிக்கட்டுப் பசளை எவ்வளவு, மேற்கட்டுப் பசளை எவ்வளவு என்று அந்த வயல் வட்டையில் படித்துப் படித்துச் சொன்னவன் நான். யூரியா எறிந்து மூன்று நாளாவது வயலில் தண்ணீரைக் கட்டி வைக்க வேண்டும் என்றும் சொன்னேன்தான். ஆனால் அதைப் பாடத்தின் கடைசி வரியாக, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். தேநீர் வந்துவிட்டால் சொல்லாமலும் விட்டிருக்கிறேன்.

பசளை திரும்பி வந்த போகத்தில் அந்தக் கடைசி வரியை முதல் வரியாக்கினேன். வரம்பில் தண்ணீர் வெளியேறும் வக்கடையை அடையுங்கள், மூன்று நாள் திறக்காதீர்கள் என்று கரும்பலகையில் பெரிதாக எழுதினேன். பின்வரிசையிலிருந்து வட்டவிதானை கை உயர்த்தினார்.

"அடைக்கலாம் தம்பி. இரண்டாம் நாள் மழை பிடித்து வரம்பு உடைந்தால், அதைக் கட்ட நீர் வருவீரா?"

வகுப்பு சிரித்தது. வருவேன் என்றேன். அந்த மாரியில் இரண்டு இரவுகள் அவர் என்னை அழைத்தார். ஒரு இரவுதான் போனேன். மற்ற இரவில் கிட்டங்கியில் ஆற்றுவாழை அடைத்துத் தண்ணீர் வீதிக்கு ஏறியிருந்தது.