நல்லூர்ப் புளியந்தோப்பில் பெருமாள் சேவை

ஊரிலிருந்து யாராவது வந்தால் அல்சூர் சோமேஸ்வரர், பசவனகுடி நந்தி என்று ஒரு சுற்றுக் காட்டி அனுப்பிவிடுவது பெங்களூர்த் தமிழர் வழக்கம். ஆழ்வார்திருநகரியிலிருந்து வந்த பெரியம்மாவை நாங்கள் தேவனஹள்ளியைத் தாண்டி நல்லூருக்கு அழைத்துப் போனோம். அங்கே சென்னகேசவர் கோயில் சிதைந்து கிடக்கிறது. தீர்த்தம், சடாரி எதிர்பார்த்துப் போகாதீர்கள். 54 ஏக்கரில் நிற்கும் புளியமரங்களைச் சேவிக்கவே போகலாம்.

புளியமரம் என்றாலே பேய் என்று பயந்து வளர்ந்தவன் நான். பெரியம்மாவுக்கு அந்தப் பயம் கிடையாது. அவர் ஊரில் ஆதிசேஷனே உறங்காப்புளியாக நிற்க, அதன் பொந்தில் நம்மாழ்வார் 16 ஆண்டுகள் பேசாமல் வீற்றிருந்தார் என்பது ஐதீகம். ஒரு கிழமரத்தைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டார். வடம் போல முறுக்கிக்கொண்ட அடிமரம். நடுவே ஓர் ஆள் சம்மணமிட்டு உட்காரும் அளவுக்குப் பொந்து. உள்ளே தொட்டால் கட்டை தூளாக உதிர்கிறது. ஓரத்தில் நான்கு விரல் அகலத்துக்குப் பட்டை உயிரோடிருக்கிறது. அதிலிருந்து கிளம்பிய கிளையில் செந்தளிர்.

பொந்துக்குள் நெய்விளக்கு ஏற்றப் போனார். தடுத்தேன். காய்ந்த கட்டையில் பொறி விழுந்தால் மரமே போய்விடும்.

"ஆழ்வார் இருந்த இடம் மாதிரி இருக்கிறதே, விளக்கு வேண்டாமா?"

"ஆழ்வார் விளக்குக் கேட்டதாகத் தெரியவில்லையே, பெரியம்மா."

முகம் சுண்டிவிட்டது. தோப்பிலேயே உள்ள கங்கம்மா கோயிலில் விளக்கை ஏற்றிய பிறகுதான் சமாதானமானார். மரத்தடியில் கற்பூரம் கொளுத்துவதும் ஆணி அடித்துத் தொட்டில் கட்டுவதும் பக்தி என்று எனக்குத் தோன்றியதேயில்லை.

சோழர் காலத்துத் தோப்பு, 800 ஆண்டு என்கிறது ஊர் வழக்கு. கரிமக் கணிப்பில் (கார்பன் டேட்டிங்) ஒரு மரத்தின் வயது 400 ஆண்டுகளைத் தாண்டியது. சோழருக்கு எட்டவில்லைதான், கும்பிட அது போதும். 2007-இல் நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக இத்தோப்பு அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே தேவனஹள்ளியில் விமான நிலையம் திறந்தார்கள். இன்று அந்தப் பக்கம் மனை போடாத நிலத்தைத் தேடத்தான் வேண்டும்.

திரும்பும் வழியில் பெரியம்மாவிடம் கொல்லம் அருகே பரவூர் ஆயிரவில்லி சிவன் கோயில் காவைப் பற்றி, அதாவது சாமிக்கென்று விட்டுவைத்த சோலையைப் பற்றிச் சொன்னேன். 1835-இல் தாவரவியலாளர் ராபர்ட் வைட் கொல்லத்தில் சேகரித்த ஓர் இலுப்பை இனம், மலையாளத்தில் காவிலிப்பை. அதன்பின் யார் கண்ணிலும் படவில்லை, அழிந்தே போயிற்று என்றிருந்தார்கள். 180 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, பாலோடு தாவரவியல் ஆய்வு நிலையத்தார் அந்தக் காவில் ஒற்றை மரமாக அதை அடையாளம் கண்டார்கள். சாமி இடம் என்று யாரும் கோடரி வைக்காததால் நின்ற மரம். கன்றுகள் உண்டாக்கி வேறிடங்களிலும் வளர்க்கும் முயற்சியும் தொடங்கியது.

பெரியம்மா ஊர் திரும்ப நேர் வண்டியில் டிக்கெட் எடுத்திருந்தேன். அதை ரத்து செய்துவிட்டு, கொல்லம் வழியாகப் போகும் கன்னியாகுமரி ரயிலில் போடச் சொல்லிவிட்டார்.