இவாமா நாட்குறிப்பு

ஏப்ரல் 24

ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையைக் கற்க, டோக்கியோவின் உவேனோ நிலையத்தில் ஜோபன் ரயிலேறி இவாமா வந்தாச்சு. காலையில் வெளியே வாளும் தடியும், மாலையில் டோஜோவுக்குள் (பயிற்சிக் கூடம்) வெறுங்கைப் பயிற்சி. எந்த வகுப்பானாலும் முதலில் தாய் நோ ஹென்கோதான்: ஒருவர் மணிக்கட்டைப் பிடிக்க, மற்றவர் உடலைத் திருப்பும் அடிப்படைப் பயிற்சி. பல இடங்களில் மணிக்கட்டைப் பிடிப்பது சும்மா சம்பிரதாயம். இங்கே பிடித்தால் உடும்புப் பிடி. இன்று ஒரு பெரியவர் பிடித்தார். இறுக்கம் முழுக்கச் சுண்டுவிரலில். இழுத்தாலும் தள்ளினாலும் கை அசையவில்லை. தோளைத் தளர்த்தி, இடுப்போடு திரும்பி, அவர் பார்க்கும் பக்கமே நானும் பார்த்து நின்ற பிறகுதான் நகர முடிந்தது.

ஏப்ரல் 26

ஐகிடோவை உருவாக்கிய மொரிஹெய் உயேஷிபா, எல்லோருக்கும் ஓ-சென்செய் (பெரிய ஆசான்), 1969-இல் மறைந்த நாள். 1942-இல் டோக்கியோவை விட்டு இங்கே வந்து நிலத்தை உழுதவர். அவரைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு இந்த ஊர் என்றால் அவருடைய சீடர் மொரிஹிரோ சைத்தோதான். 1946-இல் வந்து சேர்ந்தபோது வயது 18. பிழைப்புக்கு ரயில்வே வேலை. ஒரு நாள் முழுக்கப் பணி, மறுநாள் ஓய்வு. அந்த ஓய்வு நாளில் குருவின் வயலில் உழைப்பு, கூடவே பயிற்சி. மற்ற சீடர்கள் பிழைப்பைத் தேடிப் போக, காலையில் கிழவரின் வாளுக்கு எதிரே நிற்க இவர் மிஞ்சினார். ஐகிடோவின் ஆயுதப் பயிற்சி பிழைத்ததற்கு ரயில்வே ஷிஃப்டுக்கும் ஒரு கும்பிடு போடலாம்!

ஏப்ரல் 29

இங்குள்ள ஐகி கோயிலில் தைசாய், அதாவது ஆண்டுப் பெருவிழா. நல்ல கூட்டம். ஓமோதோ என்ற ஜப்பானிய மதப் பிரிவின் பூசாரிகள் நடத்திய சடங்கு முடிந்ததும் ஓ-சென்செயின் பேரன், இன்றைய டோஷு (ஐகிடோவின் தலைவர்), கலையைச் செய்து காட்டினார். எங்கும் நிற்காத ஓட்டம். இவாமாக்காரர்களோ முதலில் அடிக்கு அடி நிறுத்திச் செய்வார்கள். ‘இதெல்லாம் சைத்தோ பாணி, குருவுடையது அல்ல’ என்று சொன்னவர்களிடம் சைத்தோ வாதாட மாட்டாராம். குரு 1938-இல் வெளியிட்ட படக் கையேட்டைத் திறந்து காட்டுவாராம்.

மே 13

சைத்தோ சென்செய் 2002-இல் மறைந்தது இதே நாளில். குரு போன பிறகும் ஊரை விட்டுப் போகாமல் கோயிலையும் டோஜோவையும் கடைசிவரை பார்த்துக்கொண்டார். ஓ-சென்செய் தோன்றியதைச் செய்து காட்டிவிட்டுப் போகிறவர். வாளுக்கு 7 சுபுரி (தனியாகச் செய்யும் அடிப்படை வீச்சு), தடிக்கு 20, பிறகு தடிக்கே 31 அசைவுக் கத்தா (தொடர் அசைவு) என்று வரிசைப்படுத்தியவர் சைத்தோ. எண் போட்டுக் கலையைக் கட்டிப்போட்டார் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. எனக்கு அது ஏற்பில்லை. அந்த எண்கள் இல்லாவிட்டால் கடல் தாண்டி இருப்பவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு கற்பது? அவருக்குப் பின் மகன் தனி அமைப்பு கண்டார். அந்த வழக்கு நமக்கு வேண்டாம்.

நாளை குமிதாச்சி, இருவர் எதிரெதிரே நின்று செய்யும் வாள் பயிற்சி. மரவாளில் சிராய் எழும்பியிருக்கிறது, உப்புத்தாள் வாங்க வேண்டும்.