மஞ்சள் எங்கே முடிய வேண்டும்?

மார்ச் 3, 2025, திங்கள்

அப்பத்தாவின் சமையல் குறிப்புகளை வலைப்பக்கங்களாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன். தலைப்புக்குப் பின்னால் மஞ்சள், கீழே போகப் போக வெள்ளை. அவ்வளவுதான் ஆசை. ரசம் பக்கத்தைத் திறந்தால், நாலே வரி முடிந்த இடத்தில் குறுக்கே ஒரு கோடு. வெள்ளையாகக் கரைந்த நிறம், அந்தக் கோட்டுக்குக் கீழே மறுபடி அடர்மஞ்சளாகத் தொடங்குகிறது. வேட்டியில் கரை வைத்த மாதிரி.

மார்ச் 4, செவ்வாய்

காரணம் பிடிபட்டது. பக்கத்தின் உள்ளடக்கத்தைத் தாங்கும் ‘பாடி’ உறுப்புக்குக் கொடுக்கும் பின்னணியை பிரவுசர் திரை முழுக்க விரிக்கிறது. ஆனால் கிரேடியன்டின், அதாவது ஒரு நிறம் இன்னொன்றாகக் கரையும் படத்தின், உயரத்தை பாடியைச் சுற்றி நிற்கும் ஹெச்.டி.எம்.எல். உறுப்பின் உயரத்திலிருந்துதான் எடுக்கிறது. ரசத்துக்கு எழுத்து குறைவு, அதனால் உயரமும் குறைவு. மிச்சத் திரையை நிரப்ப அதே படத்தைத் திரும்ப அடுக்குகிறது. ஹெச்.டி.எம்.எல்.லுக்குக் குறைந்தபட்ச உயரம் 100 சதவீதம், அதாவது திரையளவு, என்று ஒரு வரி சேர்த்தேன். கோடு போய்விட்டது.

மார்ச் 6, வியாழன்

இன்று முழுக்க வத்தக்குழம்பு. நீளமான பக்கம், கிட்டத்தட்ட 5000 பிக்சல். வெள்ளை 40 சதவீதத்தில் வரட்டும் என்று எழுதியிருந்தேன். 900 பிக்சல் உயரமான ரசம் பக்கத்தில் அது 360-இல் வந்து அழகாக நின்றது. இங்கே 2000 பிக்சல் வரை மஞ்சள் ஓடுகிறது. அளவுகளை இளம்பழுப்பு எழுத்தில் போட்டிருந்தேன். மஞ்சள் மேல் மெய்யெழுத்தின் புள்ளிகூடத் தெரியவில்லை. சமைக்கிறவர் அடுப்படியில் நின்றபடி படிக்கும் எழுத்து அது. மனசு கேட்கவில்லை.

சதவீதம் பக்கத்தின் நீளத்தோடு சேர்ந்து நீளும். எனக்கு வேண்டியது தலைப்போடு ஒட்டி நிற்கும் அளவு. பிக்சலில் கொடுக்கலாம், ஆனால் பிரவுசரில் எழுத்தளவைப் பெரிதாக வைத்திருப்பவர்களுக்குத் தலைப்பு மஞ்சளை விட்டு இறங்கிவிடும். அதனால் ரெம், அதாவது பக்கத்தின் அடிப்படை எழுத்தளவை ஒன்றாகக் கொள்ளும் அலகு. 6 ரெம் வரை முழு மஞ்சள், 20 ரெம்மில் வெள்ளை. வழக்கமான எழுத்தளவில் 20 ரெம் என்பது 320 பிக்சல்.

இரண்டு நிறங்களுக்கும் நடுவே, நிறம் எதுவும் சொல்லாமல், 10 ரெம் என்று ஓர் அளவை மட்டும் எழுதினேன். பாதிக் கலவை வழக்கமாக நட்டநடுவில், 13-இல் வரும். இப்போது 10-லேயே வந்துவிடுகிறது. மஞ்சள் சட்டென இளகி, பிறகு மெல்ல மெல்லக் கரைகிறது. இதை இவ்வளவு நாள் பயன்படுத்தாமல் இருந்தேனே!

மார்ச் 8, சனி

அம்மிக்கல் படத்தின் அடிப்பகுதி வெள்ளையில் கரைய வேண்டும். படத்தின் மேல் ‘டிரான்ஸ்பரன்ட்’ என்ற, முழுக்க ஒளிபுகும் நிறத்திலிருந்து வெள்ளைக்கு ஒரு கிரேடியன்ட் போட்டேன். என் கணினியில் சரி. அக்காவின் பழைய ஐபோனில் நடுவே கரி பூசினாற்போல் ஒரு சாம்பல் பட்டை. டிரான்ஸ்பரன்ட் என்பது உண்மையில் ஒளிபுகும் கறுப்பு. ஐபோனின் பிரவுசரான சஃபாரியின் பழைய பதிப்பு அந்தக் கறுப்பையும் சேர்த்தே கலக்கிறது. அதை எடுத்துவிட்டு, அடர்த்தி பூஜ்யமான வெள்ளை என்று எழுதினேன்.

ராத்திரி அக்கா ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். பட்டை இல்லை. கல்லின் விளிம்பு வெள்ளைக்குள் இறங்குகிறது, கீழே முதல் வரி: “புளி, நெல்லிக்காய் அளவு.”