இதுதான் முதல் தடவையா?

வலிப்பு வந்தவர் என்னிடம் வந்து சேரும்போது வலிப்பு போயிருக்கும். நரம்பியல் மருத்துவராக இத்தனை வருடம் ஆனபிறகும் இந்த விசித்திரம் எனக்குப் பழகவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் தெளிவாகப் பேசுவார். நாக்கின் ஓரம் மட்டும் கடிபட்டிருக்கும். என்ன நடந்தது என்று கேட்டால் அவருக்கே தெரியாது, பக்கத்தில் நின்றவருக்குத்தான் தெரியும். அதனால் பார்த்த ஆளை முதலில் தேடுவேன். கூட வரவில்லை என்றால் போனிலாவது பிடித்துவிடுவேன்.

ஒரு தவறு செய்த பிறகுதான் இந்தப் பழக்கம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிது. வரிசையில் வெகுநேரம் நின்று கீழே விழுந்த ஓர் இளைஞரை அழைத்து வந்தார்கள். 'கை கால் வெட்டி இழுத்தது' என்று யாரோ சொன்னதாக யாரோ சொன்னார்கள். நான் வலிப்பு என்று எழுதி மாத்திரையும் ஆரம்பித்துவிட்டேன். எட்டு மாதம் கழித்து, அன்று கூடவே நின்ற தங்கை வந்தார். "கண்ணு இருட்டுதுன்னு சொன்னான், முகம் வெளுத்துப்போச்சு, அப்புறம்தான் விழுந்தான். நாலஞ்சு வெட்டு. உடனே எழுந்து தண்ணி கேட்டான்." அது வெறும் மயக்கம். மூளைக்கு ரத்தம் சற்றுநேரம் குறைந்தாலே கை கால் வெட்டும். 1994-ல் ஆரோக்கியமானவர்களை வேண்டுமென்றே மயங்கவைத்துப் படம்பிடித்த ஓர் ஆய்வில், முழுதாக மயங்கியவர்களில் சுமார் 90% பேருக்கு வெட்டு இருந்தது. அந்த ஆய்வை நான் படித்தது அதற்குப் பிறகுதான். அந்த எட்டு மாதத்தில் அவர் வண்டி ஓட்டும் வேலையை விட்டிருந்தார்.

வந்தது வலிப்புதான் என்று உறுதியானாலும், அது முதல் வலிப்புதானா என்பது அடுத்த சிக்கல். அலுவலகத்தில் விழுந்த ஒரு பெண்ணிடம், காலையில் எழுந்ததும் கையிலிருக்கும் பொருள் தூக்கியெறிந்த மாதிரிப் போகுமா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். பள்ளி நாளிலிருந்தே அப்படித்தானாம், வீட்டில் கவனக்குறைவு என்று திட்டுவார்களாம். பல வருடமாக வந்துகொண்டிருந்த சிறு சிறு வலிப்புகள் அவை. அதை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்காமலே கார்பமசெபின் என்ற வலிப்பு மாத்திரையைக் கொடுத்திருந்தால் அந்த வெட்டுகள் இன்னும் கூடியிருக்கும். வால்ப்ரோயேட் என்ற இன்னொரு மருந்து நன்றாக வேலை செய்யும், ஆனால் கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும். அதனால் குழந்தை பெறும் வயதுப் பெண்ணுக்கு வேறு மருந்துதான் முதலில் தேட வேண்டும்.

மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று வருபவர்கள் நினைக்கிறார்கள். வலிப்பு வந்த 24 மணி நேரத்துக்குள் எடுத்தால் கோளாறு தென்பட வாய்ப்பு கூடுதல், தூக்கத்தில் எடுத்தால் இன்னும் கூடுதல். ஆனாலும் நார்மல் என்று வந்த தாளை வைத்து வலிப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. எம்.ஆர்.ஐ. பழைய பக்கவாதத் தழும்பையோ கட்டியையோ காட்டலாம். சர்க்கரையோ சோடியமோ இறங்கியதால் வந்த வலிப்பு, குடியைத் திடீரென நிறுத்தியதால் வந்த வலிப்பு, இவை தனி. இவற்றை வலிப்பு நோய் என்று சொல்வதில்லை.

அப்புறம் அந்தக் கேள்வி வரும்: "மறுபடி வருமா டாக்டர்?" இப்படி உடனடிக் காரணம் எதுவும் இல்லாமல் ஒருமுறை வந்தவர்களில் 21 முதல் 45% பேருக்கு இரண்டு வருடத்துக்குள் மறுபடி வருகிறது. இ.இ.ஜி.யிலோ ஸ்கேனிலோ கோளாறு இருந்தால் அபாயம் கூடும். அடுத்த பத்து வருடத்தில் மறுபடி வரும் வாய்ப்பு 60%-ஐத் தொட்டால், ஒரே ஒரு வலிப்பையே வலிப்பு நோய் எனலாம் என்று 2014-ல் வரையறையை மாற்றினார்கள். உடனே மாத்திரை தொடங்கினால் முதல் இரண்டு வருட அபாயம் நன்றாகவே குறைகிறது. ஆனால் நீண்டகாலக் கணக்கு வேறு. ஒன்றோ சில தடவையோ வலிப்பு வந்து, மாத்திரை தேவையா என்று சந்தேகமாக இருந்த சுமார் 1,400 பேரை வைத்து நடந்த ஆய்வு 2005-ல் வெளியானது. ஐந்தாம் வருடத்தில், அதற்கு முந்தைய இரண்டு வருடமும் வலிப்பே வராமல் இருந்தவர்கள், உடனே தொடங்கியவர்களில் 76%, தள்ளிப்போட்டவர்களில் 77%. காத்திருப்பது அலட்சியம் இல்லை என்று அந்த எண்களைப் பார்த்தபிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது.

இதையெல்லாம் ஒருவரிடம் பொறுமையாக விளக்கினேன். ஏணியில் ஏறி வேலை செய்பவர். முழுதும் கேட்டுவிட்டு, "சதவீதமெல்லாம் உங்க கணக்கு. எனக்கு ஒண்ணு வரும், இல்ல வராது" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஏணியிலிருந்து ஒருமுறை விழுந்தாலே போதுமே. மாத்திரையைத் தேர்ந்தெடுத்தார்.

மூன்று வருடம் ஒன்றும் வரவில்லை. மெல்லக் குறைத்து நிறுத்திப் பார்க்கலாமா என்று நான்தான் கேட்டேன். "இன்னும் ஒரு வருஷம் போகட்டும் டாக்டர்" என்றார். சரி என்று எழுதிக்கொடுத்தேன்.