டூவிக்ஸ் பார்த்த பத்து நாட்கள்

மார்ச் 3, திங்கள்

தூக்கம் வரவில்லை. இரண்டு மணிக்கு எழுந்து மறுபடியும் அதே அத்தியாயம். 'ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்' என்ற விண்கப்பல் தொடர், இரண்டாவது சீசன், 'டூவிக்ஸ்'. 1996 மே 6 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பானது. இன்றுவரை ரசிகர்கள் இரண்டு கட்சிதான். கேப்டன் ஜேன்வே செய்தது கொலை என்று ஒரு கட்சி. வேறு வழியில்லை என்று இன்னொரு கட்சி. அண்ணன் எப்போதும் இரண்டாவது, நான் முதலாவது. இந்த வாரம் நான் எந்தக் கட்சி என்று எனக்கே தெரியவில்லை.

டூவோக் சிரிக்காத மனிதர், உணர்ச்சியைக் காட்டாத வல்கன் என்ற வேற்றுக்கிரக இனத்தவர். நீலிக்ஸ் வாய் ஓயாத சமையல்காரர். ஒரு கிரகத்தில் செடி சேகரித்துவிட்டு ஆளை நொடியில் இடம் மாற்றும் டிரான்ஸ்போர்ட்டர் வழியாகக் கப்பலுக்குத் திரும்பும்போது, கையிலிருந்த ஆர்க்கிட் செடியின் தன்மையால் இருவரும் கலந்து ஒரே ஆளாக வந்து நிற்கிறார்கள். சீருடையும் நீலிக்ஸின் வண்ணத் துணியும்கூடக் கலந்து ஒரே உடுப்பாகியிருக்கும். அவன்தான் டூவிக்ஸ். டூவோக்கின் அறிவு, நீலிக்ஸின் மனசு. சில வாரங்களில் கப்பலில் எல்லோருக்கும் அவனைப் பிடித்துப்போகிறது. அப்புறம்தான் பிரிக்கும் வழியை டாக்டர் கண்டுபிடிக்கிறார். அவன் வேண்டாம் என்கிறான். ஜேன்வே கேட்காமல் பிரித்துவிடுகிறார்.

மார்ச் 4, செவ்வாய்

அப்பாவுக்கு ஸ்கேன் எடுத்தாயிற்று. உள்ளே போகும் முன்பே படம் எடுக்கும் பையனிடம் எந்த ஊர், கல்யாணம் ஆயிற்றா, அம்மாவுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது என்பது வரை அப்பா விசாரித்து முடித்துவிட்டார். வெளியே வந்ததும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மார்ச் 5, புதன்

டூவிக்ஸுக்கு ஒரு நோயும் இல்லை. கதையின் பலம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. அவன் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தால் ஜேன்வேயை யாரும் குறை சொல்லப்போவதில்லை, இத்தனை வருஷம் சண்டையும் இருக்காது. நன்றாகச் சாப்பிடுகிறான், சமைக்கிறான், பாதுகாப்பு அதிகாரி வேலையையும் கச்சிதமாகச் செய்கிறான். அவனிடம் இருக்கும் ஒரே குறை, அவன் இருப்பதால் வேறு இருவர் இல்லை என்பதுதான்.

எங்களுக்கு டாக்டர் சொன்னது வேறு. அப்பா தலைக்குள் இருக்கும் கட்டி, விட்டால் வளரும். முதலில் பார்வை, அப்புறம் நடை. எலுமிச்சம்பழ அளவு என்று விரல்களை வட்டமாக்கிக் காட்டினார். அப்பாவும் அதே மாதிரி தன் விரல்களை வட்டமாக்கி, அதன் வழியாக என்னைப் பார்த்தார்.

மார்ச் 6, வியாழன்

இன்றைக்கும் அம்மாவுக்கு மல்லிகைப்பூ வாங்கி வந்தார். நாற்பத்தொரு வருஷத்தில் இல்லாத வழக்கம்.

மார்ச் 7, வெள்ளி

அண்ணனோடு போனில் ஒரு மணி நேரம். டூவோக்குக்கு ஊரில் மனைவி இருக்கிறாள், நான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நீ என்ன பதில் சொல்வாய் என்றான். நியாயம்தான். கப்பல் பூமியிலிருந்து 70,000 ஒளியாண்டு தள்ளி மாட்டிக்கொண்டிருக்கிறது. காத்திருப்பவர்களுக்கு அவன் இருக்கிறானா என்பதுகூடத் தெரியாது.

நான் 'ஃபேஜ்' அத்தியாயத்தைச் சொன்னேன். 1995, முதல் சீசன். விடியன்கள் என்ற நோய் பிடித்த இனத்தவர் நீலிக்ஸின் நுரையீரலைத் திருடிக்கொண்டு போய்விடுவார்கள். ஜேன்வே துரத்திப் பிடிக்கும்போது அது ஏற்கெனவே ஒருவன் உடம்பில் பொருத்தப்பட்டிருக்கும். திரும்ப எடுத்தால் அவன் சாவான். அப்போது அதே ஜேன்வே என்ன செய்தார்? ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவரைக் கொல்லும் உரிமை எனக்கில்லை என்று விட்டுவிட்டார். திருடனுக்குக் கிடைத்த இரக்கம் ஒரு தப்பும் செய்யாத டூவிக்ஸுக்கு ஏன் இல்லை?

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா கையெழுத்துப் போடுவாரா?" என்றான்.

இரவு 11 மணி. ஒன்று விட்டுப்போயிற்று. 'ஃபேஜ்' முடிவில் நீலிக்ஸின் காதலி கெஸ் தன் நுரையீரல் ஒன்றை நீலிக்ஸுக்குக் கொடுப்பாள். அப்படியென்றால் டூவிக்ஸின் நெஞ்சுக்குள்ளும் அவளுடையது ஏதோ கலந்துதான் இருந்திருக்க வேண்டும். ஜேன்வேயிடம் வந்து, நீலிக்ஸ் எனக்குத் திரும்ப வேண்டும் என்று அவள் அழும்போது எனக்கு எப்போதும் கோபம் வரும். இன்று வரவில்லை.

மார்ச் 8, சனி

பரணில் அப்பாவின் கணக்கு நோட்டுகள் கிடைத்தன. தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எழுதுவார். கூட்டுத்தொகை மட்டும் சிவப்பு மையில், அடியில் ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு. கீரை 4.50. பஸ் 3.00. என் பள்ளிக்கூடச் சுற்றுலா 120.00, பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறிக்கு நான் எவ்வளவு பயந்திருக்கிறேன். போன வருஷம் ஜனவரி 19க்குப் பிறகு வெற்றுப் பக்கங்கள். அன்றைக்குக் கூட்டல் போடாமலே விட்டிருக்கிறார்.

அந்த மனிதருக்காகவும் யாராவது பேச வேண்டும் என்று இன்றுதான் முதல்முறையாகத் தோன்றியது.

மார்ச் 9, ஞாயிறு

கட்டுப்பாட்டு அறைக் காட்சியை மட்டும் நான்கு முறை பார்த்தேன்.

டூவிக்ஸ் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கெஞ்சுகிறான். நேற்றுவரை அவன் சமைத்துப் போட்டதைச் சாப்பிட்டவர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. டூவிக்ஸாக நடித்த டாம் ரைட் அந்த இடத்தில் குரலை உயர்த்திவிட்டு, சட்டென்று இறக்குகிறார். எல்லோரும் நல்லவர்கள், மன்னிக்கிறேன் என்று சொல்லிவிட்டு நடக்கிறான். நோயாளி சம்மதிக்காமல் உயிரை எடுக்க மாட்டேன் என்று மறுத்தவர் டாக்டர் மட்டும்தான். ஒளியால் ஆன உருவம் அவர், மனிதரே இல்லை. கடைசியில் ஜேன்வே தன் கையாலேயே முடிக்கிறார்.

ஜேன்வேயைத் திட்டுகிறவர்கள் இந்த மௌனத்தை ஏன் விட்டுவிடுகிறார்கள்? ஜேன்வேயாவது தானே செய்தார், பழியைத் தானே சுமந்தார். மற்றவர்கள் கீழே குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஜேன்வேயை மன்னித்தாலும் அவர்களை மன்னிக்க மாட்டேன்.

மார்ச் 10, திங்கள்

அடுத்த வார அத்தியாயம் 'ரெசல்யூஷன்ஸ்'. ஜேன்வேயும் அவருக்கு அடுத்த அதிகாரி சக்கோட்டேயும் பூச்சிக்கடியால் நோய் கண்டு ஒரு கிரகத்திலேயே தங்க வேண்டிவருகிறது. கப்பல் டூவோக்கின் பொறுப்பில். கேப்டன் போட்ட தடையை மீறி விடியன்களிடம் மருந்து வாங்கி வந்து இருவரையும் மீட்கிறார். பிரித்து எடுத்த மனிதர் ஒரே வாரத்தில் கேப்டனைக் காப்பாற்றிவிடுகிறார். அண்ணன் கட்சிக்கு இதைவிடப் பெரிய சாட்சி இருக்க முடியாது.

ஆனால் டூவிக்ஸின் பெயரை ஒருவர்கூட எடுப்பதில்லை. என் தீர்ப்பு இதுதான். பிரித்ததை எப்படியோ ஏற்றுக்கொண்டுவிடலாம். ஒரு உயிர் போயிருக்கிறது. துக்கம் விசாரிக்க ஒரு ஆள் வேண்டாமா? ஒரு விளக்கு ஏற்ற வேண்டாமா? டூவோக்காவது, நீலிக்ஸாவது, உன் வழியாக நான் சில நாள் வாழ்ந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? ஜேன்வே மருத்துவ அறையை விட்டு வெளியே வரும்போது முகத்தில் தெரியும் அந்தச் சில நொடிகள் மட்டும்தான் அவனுக்குக் கிடைத்த கருமாதி. எழுதியவர்கள் அதோடு விட்டுவிட்டது பெரிய தப்பு.

மார்ச் 11, செவ்வாய்

சேர்த்தாயிற்று. மூன்று பக்கப் படிவம். அப்பா பேனாவை வாங்கி, "சிவப்பு மை இல்லையா?" என்று கேட்டார். அப்புறம் பேனாவை என்னிடமே கொடுத்துவிட்டார்.

அண்ணன் போட்டான். சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

மார்ச் 12, புதன்

தலையை மழித்துவிட்டார்கள். கண்ணாடி கேட்டார். பார்த்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். பக்கத்துக் கட்டில் தாத்தாவும் சேர்ந்து சிரித்தார்.

ஆரஞ்சு உரித்தேன். ஒவ்வொரு சுளையாக நார் எடுத்து எனக்கே திருப்பி ஊட்டினார். சின்ன வயசில்கூட எனக்கு ஊட்டியதில்லை. பத்து மணிக்கு விளக்கை அணைத்த பிறகு, "நான் நல்லாத்தானே இருக்கேன் பாப்பா, எதுக்கு இதெல்லாம்?" என்றார். பாப்பா என்று கூப்பிடுவது ஒரு வருஷமாகத்தான். அதற்கு முன்னால் முழுப்பெயர்.

கையைப் பிடித்துக்கொண்டேன். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களைப் போல நானும் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 13, வியாழன்

காலை 6.40. அழைத்துப் போய்விட்டார்கள். தள்ளிக்கொண்டு போனவரிடமும் எந்த ஊர் என்று கேட்டார். கதவு மூடும்வரை பேச்சு கேட்டது.

அம்மா நேற்றைய மல்லிகைப்பூவைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருக்கிறாள்.

1.15. இன்னும் இல்லை.

4.30. கண் விழித்துவிட்டாராம். உள்ளே ஒரு ஆளைத்தான் விடுவார்களாம். அண்ணன் என்னைப் போகச் சொல்கிறான்.